உப்பு போனது, மீன் மாறியது

கடலை இழந்த கொல்கத்தா ஏரிகளைக் கழிவுநீர் காப்பாற்றியது. இப்போது அதுவும் சந்தேகம்.

கொல்கத்தாவின் கிழக்கே உள்ள சால்ட் லேக் நகரில் இன்று உப்பு ஏரி எதுவும் இல்லை. 1962 முதல் ஹூக்ளி ஆற்று வண்டலைக் கொட்டி நிரப்பிய நிலத்தின் மீதுதான் அதன் அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஆனால் பெயர் பொய்யல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தப் பகுதி முழுக்க உவர்நீர் ஏரிகள். வங்காளிகள் உயிரை விடும் பேட்கி (நம்மூர்க் கொடுவா), மடவை இனத்தைச் சேர்ந்த பார்ஷே, கெளுத்தி, இறால் எல்லாம் இங்கே தாமாக வந்து சேர்ந்தன.

அவற்றைக் கொண்டுவந்தது வித்யாதரி ஆறு. கொடுவாவும் மடவையும் முட்டையிடுவது கடலில் அல்லது கழிமுகத்தில். குஞ்சுகள் ஓதத்தோடு ஏரிக்குள் நுழைந்து வளரும். எனவே ஏரியில் எத்தனை வகை மீன் இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கடலுக்கான வாசல்தான்.

அந்த வாசல் மெல்ல அடைபட்டது. ஓதநீர் பரவும் தாழ்நிலங்கள் சுருங்கச் சுருங்க, வடியும் நீரின் வேகம் குறைந்தது. ஓதம் கொண்டுவந்த வண்டல் ஆற்றிலேயே படிந்தது. 1928-ல் வித்யாதரி செத்த ஆறு என்று அறிவிக்கப்பட்டது. உப்பு போனது, உவர்நீர் மீன்களும் போயின.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நகரம் கிழக்கு நோக்கிச் சரிவதால் அதன் கழிவுநீரும் கால்வாய்கள் வழியே இங்கேதான் வந்தது. 1930 வாக்கில் மீன் வளர்ப்பவர்கள் அதைக் குளங்களில் விட்டுப் பார்த்தார்கள். 'பேரி' எனப்படும் இந்தக் குளங்கள் ஆழமற்றவை. வெயில் அடிவரை இறங்குகிறது. பாக்டீரியா அழுக்கைச் சிதைக்க, பாசியும் நுண்ணுயிர்களும் பெருகுகின்றன. மீன் அவற்றைத் தின்கிறது. இயந்திரமும் இல்லை, மின்சாரச் செலவும் இல்லை.

கடல் செய்த வேலையை இப்போது மனிதன் செய்கிறான். மேல்மட்டத்தில் மேயும் கட்லா, நடுமட்டத்துக்கு ரோகு, அடிமட்டத்துக்கு மிர்கால் என்று பார்த்துக் குஞ்சுகளை விடுகிறார்கள். கூடவே திலேப்பியா, வெள்ளிக் கெண்டை என்று வெளிநாட்டு விருந்தாளிகள். 250-க்கும் மேற்பட்ட பேரிகளிலிருந்து ஆண்டுக்கு 10,000 டன்னுக்கு மேல் மீன் நகரத்துக்குப் போகிறது. ஆனால் இது விலை போகும் மீன்களின் பட்டியல். ஓதத்தோடு வந்தவற்றுக்கு இதில் இடமில்லை.

வாசலைத் திறந்தால் மீன் திரும்புமா? ஒடிசாவின் சில்கா ஏரி பதில் சொல்கிறது. முகத்துவாரம் தூர்ந்து, மீன்பிடிப்பு 1999-2000-ல் 2,000 டன்னுக்கும் கீழே போயிருந்தது. 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. சில ஆண்டுகளில் மீன்பிடிப்பு 10,000 டன்னைத் தாண்டியது. முகத்துவாரத்தை மணல் மூடும்போதெல்லாம் பழவேற்காடு மீனவர்கள் கவலைப்படுவதும் இதனால்தான். லட்சத்தீவின் பவளப்பாறைக் கடற்கழிகளிலோ கடல்நீர் வந்து போனால் மட்டும் போதாது. மீன் ஒளிந்து வாழப் பவளமும் உயிரோடு இருக்க வேண்டும்.

கொல்கத்தாவில் அந்த வழிக்கு இடமில்லை. கடல் வந்த பாதையை நகரம் விழுங்கிவிட்டது. மிஞ்சியதைக் காக்கத்தான் போராட்டம். இந்த ஏரிகளின் மதிப்பை உலகுக்கு எடுத்துச் சொன்ன பொறியாளர் துருபஜோதி கோஷுக்கு 1990-ல் ஐ.நா.வின் குளோபல் 500 விருது கிடைத்தது. 1992-ல் 'பப்ளிக்' என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், ஏரிகளைத் தூர்க்கக் கூடாது என்று உயர்நீதிமன்ற நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி தீர்ப்பளித்தார். 2002-ல் 12,500 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 2006-ல் தனிச் சட்டமும் வந்தது.

சட்டம் இருந்தும் மனை வியாபாரிகளின் கண் விலகவில்லை. ஏரியைத் தூர்ப்பதற்கு லாரி மண்கூடத் தேவையில்லை. கால்வாய் தூர்ந்து கழிவுநீர் வராமல் போனால் குளம் தானே வறண்டு மனையாகிவிடும். கோஷ் 2018-ல் மறைந்தார். ஒருமுறை கடலை இழந்தும் பிழைத்த ஏரிகள் இவை. சாக்கடையையும் இழந்தால், பிழைக்க மூன்றாவது தண்ணீர் கிடையாது.