கவலை கிலோ என்ன விலை?

இந்த எபிசோட் ஒரு மீனைப் பத்தி. காசிமேட்டுல அதுக்குப் பேரு கவலை. அங்க யாராவது "கவலை என்ன விலைக்கா?"ன்னு கேட்டா அது தத்துவம் இல்லைங்க, மத்தியானக் குழம்பு விஷயம்.

ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் இருக்குற குப்பங்கள்ல, வஞ்சிரம் வாங்க முடியாத வீட்டுலயும் மீன் வாசனை வருதுன்னா அதுக்குக் கவலையும் நெத்திலியும்தான் பெரும்பாலும் காரணம். தராசுல வைக்காம, கூறு கட்டி வித்துடுவாங்க. அந்தக் கூறு இன்னும் எவ்வளவு நாளைக்கு இதே மாதிரி கிடைக்கும்ங்கறதுதான் இன்னைக்குக் கேள்வி.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். கவலைங்கறது ஒரே மீன் இல்ல, ஒரு குடும்பப் பேரு மாதிரி. அதுல நாலஞ்சு வகை இருக்கு. நான் பேசப்போறது கேரளாவுல மத்தின்னும், தெற்கே சாளை, பேச்சாளைன்னும் சொல்ற எண்ணெய் மத்தி. அறிவியல் பெயர் சார்டினெல்லா லாங்கிசெப்ஸ். லாங்கிசெப்ஸ்னா நீளத் தலைக்காரன். தலை மட்டுமே உடம்புல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. செவுள் மூடியோட ஓரத்துல ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். அடுத்த தடவை மார்க்கெட்ல பாருங்க.

இந்தப் பெயரை வெச்சவர் வலென்சியென்னஸ்ங்கற பிரெஞ்சு விலங்கியலாளர், 1847-ல. அவர் விவரிச்ச மீன் எங்க இருந்து போச்சு தெரியுமா? கேரளாவுல இருந்து இல்ல, புதுச்சேரியில இருந்து. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச தகவல். ஏன்னா, மத்தின்னாலே மேற்குக் கடற்கரைன்னுதான் நூறு வருஷத்துக்கு மேல எல்லாரும் நினைச்சிருந்தாங்க. 1900-களோட தொடக்கத்துல சென்னை மாகாணத்துல மீன்வளத் துறையை ஆரம்பிச்ச ஃபிரெடரிக் நிக்கல்சன், மத்தியில இருந்து எண்ணெய் எடுக்கறதுக்கும் உரம் செய்யறதுக்கும் தானூர்ல, அதாவது மலபார் கரையிலதான் வேலை பார்த்தார். நம்ம பக்கம் மீன் இருந்தது, ஆனா தொழிலாகற அளவுக்கு இல்ல.

அது மாறினது 1980-களோட கடைசியில. தமிழ்நாடு, ஆந்திரா கரையில எண்ணெய் மத்தி டன் கணக்குல விழ ஆரம்பிச்சுது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துல இருந்த விஞ்ஞானி இ. விவேகானந்தனும் அவர் கூட வேலை செஞ்சவங்களும் பழைய பிடிப்புக் கணக்குகளை வெச்சு ஒரு விளக்கம் சொன்னாங்க. கடல் மேல்மட்டம் சூடாக ஆக, இந்த மீன் முன்ன அவ்வளவா இல்லாத வடக்குக்கும் கிழக்குக்கும் பரவுது. "கடல் சூடானா மீன் போயிடும்"னு மட்டும்தான் நாம கேட்டிருக்கோம். இங்க வந்திருக்கு! ஆனா சூட்டோட வந்த மீன், அதே சூடு இன்னும் ஏறினா தங்குமா? எனக்கு அந்த நம்பிக்கை இல்ல.

நம்பிக்கை இல்லாததுக்குக் காரணம் கேரளா. 2012-ல அந்த மாநிலத்துல மட்டும் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் மத்தி பிடிச்சாங்க. 2021-ல 3,297 டன். ஒன்பது வருஷத்துல நூறுல ஒரு பங்குகூட இல்ல. 1994-லயும் இப்படி விழுந்து எழுந்திருக்கு. இது இயல்பாவே ஏறி இறங்குற மீன். வாழ்நாளே ரெண்டரை, மூணு வருஷம்தான். ஒரு வயசுல, சுமார் 15 சென்டிமீட்டர்ல முட்டை போடத் தயாராயிடும். சாப்பாடு கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகள், முக்கியமா டயாட்டம். மழையும் காத்தும் சரியா அமைஞ்சு கடலடிச் சத்து மேல வந்தா டயாட்டம் பெருகும், மத்தி கொழுக்கும். ஒரு வருஷம் அது தவறினா அடுத்த வருஷமே வலையில தெரியும். 2015 வாக்கில எல் நினோ சூடு வந்தப்ப அதான் நடந்தது. கூடவே குஞ்சு மீனையும் அள்ளினதால அடி ரெண்டு மடங்காச்சு.

அள்ளறதுன்னு சொன்னேன் இல்லையா, இப்ப வலைக்கு வருவோம். நம்ம கரையில பழைய முறை கவலை வலை. ஃபைபர் போட்ல ரெண்டு, மூணு பேர் போய் திரை மாதிரி விடுவாங்க. மீன் கண்ணியில தலையை நுழைச்சா செவுள் மாட்டிக்கும். சின்னது ஓட்டை வழியா தப்பிச்சுடும், ரொம்பப் பெருசுக்குத் தலை நுழையாது. அதாவது வலையே அளவு பார்த்துப் பிடிக்குது. சுருக்குமடி அப்படி இல்ல. கவலை கூட்டமா, மேல்மட்டத்துல போற மீன். அந்த மொத்தக் கூட்டத்தையும் சுத்தி வளைச்சு, அடியில இருக்குற கயித்தை இழுத்தா, பாட்டியோட சுருக்குப்பை மாதிரி மூடிக்கும். குஞ்சு, தாய் எல்லாம் உள்ள.

தமிழ்நாடு அரசு 2000-லயே இதைத் தடை பண்ணிடுச்சு. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2023 ஜனவரியில ஒரு இடைக்கால உத்தரவு வந்தது. கரையில இருந்து 12 கடல் மைலுக்கு அப்பால, வாரத்துல திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணியில இருந்து மாலை 6 மணி வரை போகலாம். 12 கடல் மைல்னா சுமார் 22 கிலோமீட்டர். இதுல ஒரு வேடிக்கை இருக்கு. கவலை பெரும்பாலும் கரையை ஒட்டிச் சுத்தற மீன். அவ்வளவு தூரம் போய் எதைச் சுத்தி வளைக்கறது? அதனாலதான் சின்ன போட்காரங்களுக்கு உத்தரவை விட, எல்லையை யார் நின்னு பார்ப்பாங்கங்கறதுதான் பயம். சுருக்குமடி வெச்சிருக்கறவங்க பக்கமும் ஒரு நியாயம் உண்டு. லட்சக்கணக்குல கடன் வாங்கி வலை போட்டவங்க அவங்க. ஆனா நான் ஒரு பக்கம் நிக்கணும்னா கவலை வலை பக்கம்தான் நிப்பேன்.

வடசென்னையில கடலுக்குப் போறவங்களுக்கு வலைச் சண்டை மட்டும் இல்ல. காமராஜர், காட்டுப்பள்ளி துறைமுகங்கள் வந்த பிறகு வலை விடற இடமே குறைஞ்சுபோச்சு. 2017 ஜனவரி 28 அன்னைக்கு எண்ணூருக்கு வெளியில ரெண்டு கப்பல் மோதி, எண்ணெய் எர்ணாவூர் கரை வரைக்கும் ஒதுங்கினது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட மணலி பக்கம் இருந்து வந்த எண்ணெய் கொசஸ்தலையாத்து முகத்துவாரத்துல படிஞ்சு, போட்டும் வலையும் கறுப்பாச்சு. கவலை கழிமுகத்துல பிடிக்கற மீன் இல்ல, கடல்ல பிடிக்கறது. வாங்கறவங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. "எண்ணூர் மீனா? வேணாம்மா." கூடையோட உக்காந்திருக்கற அக்காவுக்கு அன்னைக்கு வியாபாரம் போச்சு.

இன்னொரு போட்டியும் இருக்கு, அது கண்ணுல படறதில்ல. மீன்தூள் ஆலை. மலிவான சின்ன மீனைக் காயவெச்சு அரைச்சு, இறால் பண்ணைத் தீவனமா மாத்துவாங்க. இறால் ஏற்றுமதியாகும். ஒமேகா-3 நிறைஞ்ச மீன், மாத்திரையா வாங்கினா நூத்துக்கணக்குல விலை, அதை இறாலுக்குப் போடறோம்! திருவொற்றியூர்ல 200 கோடிக்கு மேல செலவு பண்ணி சூரை மீனுக்குத் துறைமுகம் கட்டியாச்சு, நல்லதுதான். கவலைக்குன்னு தனியா யாரும் எதுவும் கட்டப்போறதில்ல.

வாங்கறப்ப ஒரு விஷயம் பாருங்க. கேரளாவுல 10 சென்டிமீட்டருக்குக் கீழ மத்தி பிடிக்கக் கூடாதுன்னு சட்டம். உங்க ஏடிஎம் கார்டு நீளம் எட்டரை சென்டிமீட்டர். மீன் அதை விடச் சின்னதா இருந்தா விட்டுடுங்க. என்னைக் கேட்டா 10-கூடப் பத்தாது, முட்டை போடவே 15 ஆகணுமே. உள்ளங்கையைத் தாண்டி நீளுற மீனா கேளுங்க. குழம்புக்கும் அதுதான் ருசி, முள்ளும் கைக்குத் தட்டுப்படும்.