ஜவ்வாது மலைக்கு ஜீப் எடுத்துப் போகிறவர்களுக்கு

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பக்கம் தங்குகிறவர்களில், கிரிவலம் முடிந்த மறுநாள் ஜீப்பையோ பைக்கையோ எடுத்துக்கொண்டு ஜவ்வாது மலைக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் வரை தார்ச்சாலைதான். கொண்டை ஊசி வளைவுகளில் ஹாரன் அடித்து, ஏறிவரும் வண்டிக்கு வழிவிட்டால் போதும். சவால் அதற்கப்பால், மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களுக்குப் பிரிந்து போகும் மண் பாதைகளில் இருக்கிறது.

அங்கே வேகத்துக்கு வேலையில்லை. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும்; முதல் கியரில் போட்டு, இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி விட வேண்டும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியென்றால் லோ கியர். ஓடை குறுக்கிட்டால் முதலில் ஆள் இறங்கி நடந்து, ஆழமும் அடிக்கல்லும் பார்த்த பிறகே வண்டி இறங்கலாம். கூர்ங்கல்லை இரு சக்கரங்களுக்கு நடுவே விடாதீர்கள். அதன் மேல் டயரை மெதுவாக ஏற்றுங்கள். ஆயில் சம்ப் தப்பிக்கும். வெளியாட்கள் பயிற்சி எடுத்துக் கற்கும் இதையெல்லாம், சாமையும் புளியும் ஏற்றி இறக்கும் பிக்கப் ஓட்டுநர்கள் பிழைப்புக்காகவே பழகியிருக்கிறார்கள். என் கணக்கில் அவர்கள்தான் இந்த மலையின் தேர்ந்த ஓட்டுநர்கள்.

ஆனால் தேர்ச்சி மட்டும் உயிரைக் காப்பதில்லை. 2022 ஏப்ரல் 2 அன்று, இந்த மலையிலேயே புலியூரிலிருந்து சேம்பரைக் கோயிலுக்குப் பக்தர்களை ஏற்றிப்போன வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். நமக்கு விடுமுறைச் சாகசமாக இருக்கும் மலைப்பாதை, மலையில் வாழ்கிறவர்களுக்குக் கோயிலுக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற வழி. நல்ல சாலை கேட்பது அவர்கள் உரிமை. கரடுமுரடு அப்படியே இருந்தால்தான் அழகு என்று நாம் சொல்வது அநியாயம்.

இன்னொன்று. இதே மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. இருட்டுதான் அதன் மூலதனம். ஜீப் கூரையில் வரிசையாக விளக்கு மாட்டிக்கொண்டு இரவில் அந்தப் பக்கம் சுற்ற வேண்டாம்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். மழை பெய்த கையோடு மண் பாதையில் வண்டியை இறக்காதீர்கள். ஈரத்தில் நாம் பதித்துவிட்டு வரும் பள்ளம் காய்ந்து இறுகினால், பிரசவத்துக்குக் கீழே இறங்கும் வண்டி அதில்தான் மாட்டிக்கொள்ளும்.