பொங்குமாக் கடலும் ஒரு விசிலும்

வெள்ளி ராத்திரி எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினோம். நாலு பேர், நாலு துண்டு, மேனேஜரிடம் சொன்ன நாலு விதக் காய்ச்சல்!

தென்காசியில் இறங்கியதுமே சாரல். முதலில் காசி விஸ்வநாதர் கோயில். 15-ம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. 1924-ல் தீயில் சிதைந்த ராஜகோபுரம், 1990-ல்தான் மறுபடி ஒன்பது நிலையோடு எழுந்தது. வாசலில் காற்று ஆளையே தள்ளுகிறது. வேட்டி கட்டியவர்கள் ஜாக்கிரதை!

அடுத்து குற்றாலம் மெயின் அருவி. மேலிருந்து வரும் தண்ணீர் நேரே நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாக் கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்துதான் இறங்குகிறது. அப்படியும் முதுகில் பத்து பேர் கும்மாங்குத்து விடுகிற சுகம்.

திடீரென்று போலீஸ்காரர் விசில். "மேல மழை! ஏறி வாங்கய்யா!"

நண்பன் கம்பியை விடவில்லை. "ரெண்டே நிமிஷம் மாப்ளே..."

தரதரவென்று இழுத்தேன். முறைத்தான். கரையேறித் திரும்பினால், செம்மண் நிறத்தில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டுகிறது. அவன் பிடித்திருந்த கம்பியைக் காணோம்.

கீழே வெயில் அடித்தாலும், மேலே காட்டில் பெய்தால் போதும். 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் இப்படி வந்த வெள்ளம்தான் 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது.

மத்தியானம் பிரானூர் பார்டரில் புரோட்டா, நாட்டுக்கோழி. நண்பன் வாயே திறக்கவில்லை. சாப்பிட மட்டும் திறந்தான். பில்லை அவனே கொடுத்தான். பத்து வருஷப் பழக்கத்தில் இதுதான் முதல் தடவை!