எட்டு வார விருந்தாளி

லெம்பா பெர்த்தாமில் அந்தி சாய்ந்தால் குளிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறந்து இரண்டு வாரம் ஆகாத நாய்க்குட்டிக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது. சாக்குப்பையில் போட்டுச் சாலையோரம் விடப்பட்ட குட்டியைப் பசிக்கு முன்பே குளிர் கொன்றுவிடும்.

ஆகவே முதலில் சூடு, பிறகுதான் பால். வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்போம். உடல் குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. நாம் இரக்கப்பட்டு ஊற்றும் பசும்பாலோ பெரும்பாலும் வயிற்றுப்போக்கில் முடியும். நாய்க்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவே நல்லது. குப்புறப் படுக்கவைத்தே ஊட்ட வேண்டும். கைக்குழந்தையைப் போல் மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

“லயத்தில் நாய்க்கு இடமேது?” என்பீர்கள். நியாயந்தான். நாம் கேட்பது ஏறக்குறைய எட்டு வாரம் மட்டுமே. பல நாய்கள் கூடியிருக்கும் காப்பகத்தில், தடுப்பூசி போடாத குட்டிக்குப் பார்வோ நோய் எளிதில் தொற்றும். அதனால்தான் காப்பகத்தார் சிறு குட்டிகளைத் தொண்டர் வீடுகளில் வளர்க்கக் கொடுத்து, பிறகு நிலையான வீடு தேடுகிறார்கள்.

வளர்ந்தபின் கருத்தடையும் அவசியம். சென்னையில் கேப்டன் சுந்தரம் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ், 1964-இலேயே தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்ய முற்பட்டது. நாய்களைக் கொன்றுவந்த மாநகராட்சி அவ்வழிக்கு வர 1996 ஆயிற்று.