அசையும் அழுத்தமும்

காஞ்சிமாநகரை அடுத்த திருப்பருத்திக்குன்றம் சமண காஞ்சி எனப் பெயர்பெற்றது. சமணச் சான்றோராகிய அமிதசாகரர் யாப்பருங்கலக் காரிகையுள் வகுத்த நெறியால் இவ்வூர்ப் பெயரையே ஈண்டு அலகிட்டுக் காண்போம்.

திருப் | பருத் | திக் | குன் | றம் என அசை ஐந்தாம். முன்னிரண்டும் குறிலிணை ஒற்றடுத்து வந்த நிரை. பின்மூன்றும் தனிக்குறில் ஒற்றடுத்து வந்த நேர். எனவே ‘திருப்பருத்திக்’ என்பது கருவிளங்காய். ‘குன்றம்’ என்பது தேமா. உயிர்தோறும் ஒலிப்பு வகையாற் பிரிப்பின், தி | ருப் | ப | ருத் | திக் | குன் | றம் என ஏழு கூறாம். மேலைமொழியார் சிலபிள் என்பது இவ்வேழினையே. அதனையும் நாம் ‘அசை’ என்றே வழங்குதலின், ஒப்பிலக்கணம் பயில்வார்க்கு மயக்கம் நேர்கின்றது.

இத்தாலிய மொழியை நோக்குக. இரு உயிர்க்கிடையே தனித்து வரும் மெய் பின்னுயிரைச் சாரும். இரட்டித்த மெய் பிரிந்து முன்னும் பின்னும் நிற்கும். ‘பெல்லா’ என்பது பெல் | லா எனப் பிரியும். இவ்வளவில் நம் பல் | லி போல்வதே. ஆயின் ‘பாஸ்தா’ என்பதனைப் பா | ஸ்தா எனப் பிரிப்பது அவர் எழுத்து மரபு. தமிழில் ஒற்று அசைக்கு முதலாகாது.

அழுத்தத்திலோ வேறுபாடு பெரிது. ‘கபிதனோ’ என்னும் நாற்கூற்றுச் சொல்லில் முதற்கூறு அழுந்தின் ‘நேர்கின்றன’ என்றும், மூன்றாவது அழுந்தின் ‘படைத்தலைவன்’ என்றும், இறுதி அழுந்தின் ‘தலைமை தாங்கினான்’ என்றும் பொருள்படும். இறுதி அழுத்தத்தை மட்டும் எழுத்தின்மேற் குறியிட்டுக் காட்டுவது அம்மொழியில் கட்டாயம். இச்சொல்லைக் காரிகை நெறியால் அலகிடின் கபி | தனோ என நிரை நிரையாய்க் கருவிளமாகும். கூறு நான்கும் அசை இரண்டாய் ஒடுங்கும். மூன்று பொருட்கும் வாய்பாடு ஒன்றே. நம் மொழியிற் பொருளை வேறுபடுத்துவது அழுத்தமன்று, மாத்திரையே. படு, பாடு என்பன காண்க.

1680இல் இத்தாலியிற் பிறந்த வீரமாமுனிவர், 1730இல் தொன்னூல் விளக்கம் இயற்றியபோது, தம் தாய்மொழி அழுத்தத்தைத் தமிழ் யாப்பின்மேல் ஏற்றாது, நேர், நிரை என்னும் மரபினையே போற்றினார். அவ்வழியே நாமும் சிலபிளை ‘ஒலியசை’ என்றும், நேர் நிரைகளை ‘யாப்பசை’ என்றும் பிரித்து வழங்குதல் தகும். பெயர் வேறாயின் மயக்கம் நீங்கும், ஒப்பீடும் செம்மையுறும்.