மரப்பாவை காத்த மொழி

நாண் என்னும் பண்பு உள்ளத்தில் இல்லாதவர் உலகில் நடமாடுவதை, கயிற்றினால் ஆட்டப்பெற்று உயிருள்ளதுபோல் மயக்கும் மரப்பாவையின் செயலுக்கு ஒப்பிட்டார் திருவள்ளுவர். பாவைக்குத் தன்னுயிர் இல்லை என்பதே அவ்வுவமையின் அடிப்படை. ஆயினும், தன்னுயிர் இல்லாத பாவை ஒரு மக்களினத்தின் மொழிக்கு உயிர்த்துணையாய் நின்ற வரலாறும் உலகில் உண்டு. அதனை அறிய விரும்புவோர் ஐரோப்பாவின் நடுவிலுள்ள செக் நாட்டை நோக்குதல் வேண்டும்.

அந்நாட்டின் தலைநகராகிய பிராக்கிற்குக் கிழக்கே ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தொலைவில் ஹ்ருடிம் என்னும் சிறு நகரம் இருக்கின்றது. 1951ஆம் ஆண்டிலே தொடங்கிய தேசியப் பாவைக்கூத்து விழா ஆண்டுதோறும் கோடைகாலத்தில் அங்கு நடைபெறுகின்றது. கூத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர்களுக்கென்றே ஏற்பட்டமை இவ்விழாவின் தனிச்சிறப்பாகும். பகலில் வேறு தொழில் பார்ப்போரும் பள்ளி மாணவரும் தத்தம் ஓய்வு நேரத்தில் ஒத்திகை பார்த்த நாடகங்களே அங்கு மேடையேறுகின்றன. பிரதேசந்தோறும் நடைபெறும் அரங்குகளிலே தெரிவு செய்யப்பட்ட குழுக்கள் அங்கு ஒன்றுகூடும்.

சிறுவர் விளையாட்டெனப் பலர் எண்ணும் ஒரு கலைக்கு ஒரு நாடு இத்துணை மதிப்பளிப்பது ஏன்? விடை அந்நாட்டு வரலாற்றில் இருக்கின்றது. 1620ஆம் ஆண்டில் நிகழ்ந்த வெள்ளைமலைப் போரில், ஹப்ஸ்பேர்க் அரச மரபினரின் படை செக் நாட்டுப் பிரபுக்களின் படையை வென்றது. அதன்பின் ஆட்சியிலும் உயர்கல்வியிலும் ஜேர்மன் மொழி படிப்படியாக மேலோங்கியது. செக் மொழியோ பெரும்பாலும் உழவர் வாயிலும் அடுக்களையிலும் வழங்கும் பேச்சாக ஒடுங்கியது. அக்காலத்தில் ஊரூராகச் சென்று, எளிய மக்களுக்கு விளங்கும் செக் மொழியில் நாடகம் ஆடியவர்கள் பாவைக்கூத்தரே.

அவர்களுள் புகழ்பெற்றவர் மாத்தேய் கொப்பெட்ஸ்கி என்பவர். 1775இற் பிறந்து 1847இல் மறைந்த அவர், பாவைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு நாடெங்கும் அலைந்தார். அக்காலப் பாவைகள் மரத்திற் செதுக்கப்பட்டவை. தலையிற் பொருத்திய வலிய கம்பி பாவையைத் தாங்கும். நூல்கள் கைகால்களை இயக்கும். அரசனுக்கும் அரக்கனுக்கும் அணங்குக்கும் ஒருவரே குரல் மாற்றிப் பேசுவார். கஷ்பாரெக் என்னும் கோமாளி இடையிற் புகுந்து பெரியோரையும் நகையாடுவான். பிசாசுக்கு ஆன்மாவை விற்ற பௌஸ்ட் என்னும் அறிஞனின் கதை அவ்வரங்கிற் பெரிதும் விரும்பப்பட்டது. செக் இசைமேதை ஸ்மெட்டனா 1862இல் அப்பாவை நாடகத்துக்கு முன்னிசை இயற்றினார் என்றால், தெருக்கூத்தாக இருந்த கலை கற்றோர் உள்ளத்திலும் இடம்பெற்றமை புலனாகும்.

இருபதாம் நூற்றாண்டில் இக்கலை வீடுகளுக்கும் பாடசாலைகளுக்கும் பரவியது. யிந்த்ரிக் வெசெலி என்னும் அறிஞர் 1912இல் பாவைக்கூத்துக்கெனத் தனிச் சஞ்சிகையை நிறுவினார். 1929இல் பாவைக்கூத்தரின் சர்வதேசச் சங்கம் பிராக் நகரிலே தோன்றியபோது அவரே அதன் முதல் தலைவரானார்.

இக்கலையின் உண்மை வலிமை சோதிக்கப்பட்டது 1939இல் நாட்டை ஹிட்லரின் படை கைப்பற்றிய பின்னரே. செக் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. ஆயினும், வீடுகளிலும் நிலவறைகளிலும் சிலர் மறைவாகப் பாவைகளை ஆட்டினர். யோசெப் ஸ்கூப்பா என்னும் கலைஞர், ஸ்பெய்பல் என்னும் தந்தைப் பாவையையும் ஹுர்வீனெக் என்னும் மகன் பாவையையும் உரையாடவிட்டு, வெளிப்படையாகச் சொல்ல இயலாதவற்றைக் குறிப்பால் உணர்த்தினார். 1944இல் அவர் சிறைப்பட்டார். அவருடைய பாவைகளும் இரகசியப் பொலிசாரின் இரும்புப் பெட்டியிலே பூட்டப்பட்டன. மரத்துண்டுகளுக்கு அஞ்சிய ஆட்சியின் வலிமையை என்னென்பது! 1945ஆம் ஆண்டு பெப்ரவரியில் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது, அங்குச் சிறையிலிருந்த ஸ்கூப்பா தப்பி வந்து, போர் முடிந்தபின் மீண்டும் அரங்கேறினார்.

போருக்குப் பின்னர் அரசின் ஆதரவோடு தொழின்முறை அரங்குகள் எழுந்தன. 1952இல் பிராக் நகரக் கலைக்கழகத்தில் பாவைக்கூத்துக்குத் தனித்துறையும் அமைந்தது. தொழிற்கலைஞர் பெருகும்போது எளியோர் கலை மங்கிவிடுதல் பல நாடுகளிற் கண்ட உண்மை. அவ்வாறு நேராமற் காத்தவற்றுள் ஹ்ருடிம் விழாவும் ஒன்று. அங்கு நாடகம் முடிந்ததும் கைதட்டலோடு காரியம் முடிவதில்லை. கண்ட நாடகங்களைப் பற்றிக் கலந்துரையாடுகின்றனர். பயிற்சி வகுப்புகளும் நடைபெறுகின்றன. கற்க வருவோரும் கற்பிக்க வருவோரும் ஒரே கூரையின்கீழ் அமர்கின்றனர். 1972இல் அந்நகரின் பழைய மாளிகை ஒன்றிலே பாவைக்கூத்து நூதனசாலையும் நிறுவப்பட்டது.

2016ஆம் ஆண்டில் செக், சிலோவாக்கிய நாடுகளின் பாவைக்கூத்தை யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இரண்டாண்டுகளின்பின், 2018இல், அம்பலாங்கொடை முதலிய தென்கரை ஊர்களிற் குடும்பவழியாகப் பேணப்பட்டுவரும் இலங்கையின் நூற்பாவை நாடகமும் அப்பட்டியலில் இடம்பெற்றது. பட்டியலில் இடம்பெறுதல் பெருமையே. ஆனால் நூதனசாலைப் பெட்டியிற் கிடக்கும் பாவை பேசுவதில்லை. நூலைப் பற்றும் கை வேண்டும். அக்கைக்குப் பின் மற்றொரு கையும் வேண்டும். ஹ்ருடிமில் முதியவரின் கையிலிருந்து நூல் சிறுவனின் கைக்கு மாறும் ஒவ்வோர் ஆண்டும் அக்கலையின் ஆயுள் நீளுகின்றது. விழாக்கள் எடுப்பதன் பயனும் அதுவே.