தக்காளிக்கு ஏற்ற வீடு எது?
தொட்டி சரியாக இருந்தால் கொத்துக் கொத்தாகக் காய்க்கும்!

2023-ம் ஆண்டு ஜூலை மாதம் தமிழ்நாட்டில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க அரசு ஏற்பாடு செய்தது. ரசத்தில் ஒரு தக்காளி போடக்கூட இல்லத்தரசிகள் யோசித்தார்கள்.

"மாடியில் நாலு செடி இருந்தால் இந்தக் கவலை உண்டா?" என்று கேட்காத வீடு இல்லை.

ஆசையோடு செடி வைக்கிறார்கள். செடியும் வளருகிறது, பூக்கிறது. ஆனால் காய் மட்டும் இல்லை! விதை சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள். பல வீடுகளில் குற்றவாளி விதை அல்ல, தொட்டிதான்!

வேருக்கு இடம் வேண்டும்

ரோஜா வைக்கும் சின்னத் தொட்டி தக்காளிக்குப் போதாது. தொட்டி ஓர் அடி ஆழமாவது இருக்க வேண்டும். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 போன்ற குட்டை ரகத்துக்கு 12 முதல் 15 லிட்டர் மண் பிடிக்கும் தொட்டி போதும். கொடிபோல் உயர்ந்து வளரும் ரகத்துக்கு 20 லிட்டர் தேவை. ஒரு தொட்டிக்கு ஒரு செடிதான். இடம் இருக்கிறதே என்று இரண்டு வைத்தால், இரண்டுமே சரியாகக் காய்க்காது.

சின்னத் தொட்டியில் மண் சீக்கிரம் காயும். ஒரு நாள் காய்ச்சல், மறுநாள் வெள்ளம் என்று இருந்தால், சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது. காயின் அடிப்பாகம் கறுத்து அமுங்கிவிடும். இது பூச்சியின் வேலை என்று நினைத்து மருந்து அடிப்பது வீண் செலவு!

மண் தொட்டியா, பிளாஸ்டிக்கா?

மண் தொட்டி வேரைக் குளிர்ச்சியாக வைக்கும். ஆனால் கனம் அதிகம். கோடையில் இரண்டு வேளை தண்ணீர் கேட்கும். பிளாஸ்டிக் தொட்டியில் ஈரம் நிற்கும். ஆனால் கறுப்பு நிறம் வெயிலில் கொதிக்கும். வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பாக உள்ள செடிப் பை மாடிக்கு ஏற்றது. விலையும் குறைவு.

காசு செலவழிக்க வேண்டாமா? தண்ணீரில் கலக்கும் சுவர்ப் பெயிண்ட் வந்த 20 லிட்டர் வாளியை நன்றாகத் தேய்த்துக் கழுவிப் பயன்படுத்தலாம். எண்ணெய் டின்னும் உதவும். வெளியே சுண்ணாம்பு அடித்தால் சூடு குறையும். நாளாவட்டத்தில் அது துருப்பிடிக்கும். பூச்சி மருந்தோ, ரசாயனமோ இருந்த டப்பா மட்டும் கூடவே கூடாது!

எதுவானாலும் அடியில் விரல் பருமனில் நாலைந்து ஓட்டைகள் அவசியம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

மாடி தாங்குமா?

20 லிட்டர் ஈர மண் 30 கிலோவுக்கு மேல் கனக்கும். ஆகவே வெறும் மண்ணை நிரப்பாதீர்கள். செம்மண், தென்னை நார்த் தூள், மட்கிய எரு மூன்றையும் சம பங்கு கலந்தால் பாரம் நன்றாகக் குறையும். தொட்டிகளை மாடி நடுவில் குவிக்காமல், கீழே சுவர் உள்ள இடமாகப் பார்த்து வரிசையாக வையுங்கள். தொட்டிக்கு அடியில் செங்கல் கொடுத்தால் தளம் ஈரம் காக்காது.

குளிர் நாடுகளில் சூடு வேண்டிக் கண்ணாடிக் குடிலில் தக்காளி வளர்க்கிறார்கள். நமக்குத் தொல்லை சூடுதான்! பகலில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும். கோடையில் பசுமைக் குடில் போல நிழல் வலை கட்டுங்கள். மற்ற நாளில் ஆறு மணி நேர வெயில் வேண்டும்.

25 நாள் நாற்றை நட்டால், சுமார் இரண்டு மாதத்தில் முதல் பழம் சிவக்கும். குழந்தைகள் அதைப் பறித்து ஓடி வந்து அம்மாவிடம் கொடுக்கும்போது அந்தச் சந்தோஷத்துக்கு விலை ஏது?

விதை வாங்கும் முன், தொட்டியை அளந்து பாருங்கள்!